புது கேஸ்கட்

ஜனவரி 2

ஜவுளிக்கடையில் இந்த வருஷம் கொடுத்த டைரி போன வருஷத்தைவிடச் சின்னது. தாளும் மெலிசு, எழுதினால் மை பின்பக்கம் தெரிகிறது. ஆனால் நான் ஓய்வுபெற்று நான்கு வருஷமாகியும் ‘மனையியல் டீச்சர் வசந்தாமணி அம்மா’ என்று உறையில் எழுதி வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள். பெருந்துறையில் அந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

காலையில் மிக்ஸி. மருமகள் கோகிலவாணி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் ஜாரைக் கழுவினால் அடிப்பக்கத்தைத் துடைக்கத் தெரியவில்லை. ஈரத்தோடு தூக்கி மோட்டார் மேல் வைக்கிறாள். பிளேடுக்குக் கீழே தேங்காய் ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. பழைய பல் பிரஷ்ஷால் நோண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். “செரிங்கத்தை” என்றாள். எதைச் சொன்னாலும் “செரிங்கத்தை”. அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஜனவரி 7

பிரிட்ஜ். தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து, வெந்நீரில் சோடா உப்புப் போட்டுத் துடைத்தேன். கதவு ரப்பரின் மடிப்புக்குள்தான் கறுப்புப் பூஞ்சை சேரும். துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டு இழுக்க வேண்டும். யாரும் அதைச் செய்வதில்லை. பிறகு கரண்ட் பில் ஏறிவிட்டது என்று புலம்புவார்கள்.

கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு குழி விழுந்திருக்கிறது. நேற்று இல்லை. குடத்தோடு வழுக்கி மோதிவிட்டேன் என்றாள் கோகிலா. குடம் இடித்தால் குழி அகலமாக விழும். இது சின்னது, ஆழமானது. பழனியில் வாங்கிய முருகன் படம் ஒன்று, காந்தம் வைத்தது, அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து ஒட்டிவிட்டேன். இப்போது ஒன்றும் தெரியவில்லை.

மகன் தினகரன் கடையிலிருந்து தாமதமாக வந்தான். மோட்டார் பம்பு வியாபாரம் இந்த மாதம் மந்தம் என்கிறான். நான் குழியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜனவரி 12

பொங்கலுக்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிடுவது என் வழக்கம். இன்று குக்கர்.

கேஸ்கட்டைக் கழற்றி இழுத்துப் பார்த்தேன். விறைத்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், இழுத்தால்தான் வண்டவாளம் தெரியும். பாத்திரக்கடைக்குப் போய் கம்பெனி கேஸ்கட்டே வாங்கி மாற்றினேன். அப்படியே சேஃப்டி வால்வும் புதிது. வெயிட் நிற்கும் குழாயில் ஊசி விட்டு, வெளிச்சத்தில் பிடித்து, அடுத்த பக்கம் தெரிகிறதா என்று பார்த்தேன். கோகிலாவைப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் செய்தேன்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொன்னேன். குக்கர் தானாக வெடிப்பதில்லை. பராமரிக்காத பெண்பிள்ளைதான் அதை வெடிக்கவைக்கிறாள். பக்கத்து வீட்டுச் சுலோச்சனா என்னிடம் படித்தவள். இப்போதும் அதை மனப்பாடமாகச் சொல்லிச் சிரிப்பாள்.

ஜனவரி 16

மிக்ஸியின் சின்ன ஜார் விரிசல் விட்டுவிட்டது. கைதவறிவிட்டதாம்.

ஜனவரி 24

இந்த வெயிலில் கோகிலா முழங்கை மறைகிற ரவிக்கை போட்டிருக்கிறாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கிரைண்டர் கல்லைத் தூக்கி வைக்கும்போது கை நடுங்கியது, அதற்கு மட்டும் கண்டித்தேன். கல் விரலில் விழுந்தால் நகம் போய்விடும்.

மத்தியானம் அவள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

“அத்தைங்க, ஒரு வாரம் எங்கூட்டுக்குப் போயிட்டு வரட்டுங்களா?”

“எதுக்கு? போன மாசந்தானே போயிட்டு வந்தே.”

“சும்மாதானுங்க.”

“தினா கிட்டக் கேட்டயா?”

 கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை கிரைண்டருக்கு பெல்ட் மாற்ற ஆள் வருகிறான், பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொள், அப்புறம் போகலாம் என்றேன். “செரிங்கத்தை” என்று உள்ளே போய்விட்டாள்.

தினகரனுக்குக் கோபம் வரும். காலமான அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் வரும். வந்த வேகத்தில் போய்விடும். நான் முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தவில்லையா? இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் அம்மா வீடு.

ஜனவரி 30

பெல்ட் மாற்றியாயிற்று. கோகிலா மறுபடியும் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பிப்ரவரி 9

குக்கர் வெடித்துவிட்டது.

காலையில் பின்புறம் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டில் தினகரன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான், ஏதோ போனைப் பற்றி. பிறகு பாத்திரம் விழுந்த சத்தம். உள்ளே போனேன். அடுப்பை அணைத்தேன். கோகிலா தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்திலும் தோளிலும் பருப்பு. சுலோச்சனா மதில் பக்கத்துக் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, அவளைப் பின்புறம் இழுத்துப்போய் குழாயடியில் தண்ணீர் ஊற்றினாள். 108 வந்தது. தினகரனும் சுலோச்சனாவும் கூடப் போனார்கள். வீட்டைப் பூட்ட ஆள் வேண்டும் என்று நான் இருந்துகொண்டேன்.

பருப்பு, மஞ்சள் போட்டுக் கடைந்தது. காய்ந்தால் பெயின்ட்டோடு பிடித்துக்கொள்ளும். பின்வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் தோள் உயரத்துக்குத் தெறித்திருந்தது. முதலில் ஈரத்துணி, பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு எலுமிச்சம்பழம். நிலைக்கதவின் இடுக்கில் போனதைக் குச்சியால் எடுத்தேன். அடுப்பின் மேல் அதிகம் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறவேண்டிய வேலையும் இருக்கவில்லை. சீலிங் சுத்தமாகத்தான் இருந்தது. குக்கர் மூடி மேடைமேல் கவிழ்த்து வைத்திருந்தது. அதையும் கழுவினேன். மத்து நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

போலீஸ்காரர் ஒருவர் மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தார். “வூடு பளிச்சுன்னு இருக்குதுங்களே டீச்சர்” என்றார். அவருடைய அக்கா மகள் என்னிடம் படித்தவளாம்.

பிப்ரவரி 10

ஈரோட்டு ஆஸ்பத்திரி. வலது கன்னம், கழுத்து, தோள். கண்ணுக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றியதால் கண் பிழைத்தது என்றார்.

சுலோச்சனா சொன்னாள், “இவிய சொல்லிக் குடுத்ததுதானுங்க டாக்டர். எங்க டீச்சர். சூடுபட்டா எண்ணெய் தடவாதீங்க, தண்ணி ஊத்துங்கன்னு எட்டாவதுலயே சொல்லிக் குடுத்தாங்க.”

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

போலீஸில் கோகிலாவிடம் எழுதி வாங்கினார்கள். குக்கர் வெடித்தது என்று அவளே சொன்னாள். தினகரன் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம் இருந்தேன்.

அவளுடைய அப்பா வேலுச்சாமி சென்னிமலையில் இரண்டு கைத்தறி வைத்துப் போர்வை நெய்கிறவர். அழவே இல்லை. துண்டைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். “எந்தக் கம்பெனிக் குக்கருங்க அது?” என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

பிப்ரவரி 13

தினகரன் அந்தக் குக்கரைத் தூக்கிப் பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னான். சரி என்றேன். அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, நிலையில் பட்டிருக்கும். மற்றபடி ஒரு குறையும் இல்லை. மூடி நேராகப் பொருந்துகிறது. புது கேஸ்கட், புது வால்வு. எப்படிப் போடுவது? கழுவித் துடைத்து, கோணிப்பையில் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

கோகிலாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சென்னிமலைக்கு அழைத்துப்போய்விட்டார்கள். தினகரன் வேன் பேசி வைத்திருந்தான். அவள் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். கோகிலா என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட பக்கம் நான் நின்றிருந்தேன், அதனால் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மைக்ரோவேவைத் துடைத்தேன்.

மார்ச் 18

வேலுச்சாமி போன் செய்தார்.

“சம்பந்தியம்மா, நான் ஒரு காரியம் பண்ணிப்போட்டனுங்க. குக்கர் கம்பெனிக்கு எழுதிப் போட்டனுங்க. எங்க கைத்தறிச் சங்கத்து மேனேஜருதான் இங்கிலீசுல எழுதிக் குடுத்தாரு. எம்புள்ள மொகம் இப்பிடி ஆயிப்போச்சு, அவிய வந்து பதில் சொல்லோணுமில்லீங்க? நாளைக்கு இன்னொருத்தர் வூட்லயும் வெடிச்சா என்ன பண்றதுங்க?”

“மாப்பிள்ளை கிட்டச் சொன்னீங்களா?” என்றேன்.

“கடையில வேலையா இருப்பாருன்னு சொல்லலீங்க. நல்ல காரியந்தானுங்களே.”

போனை வைத்துவிட்டுப் பரணை அண்ணாந்து பார்த்தேன். தினகரனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் முதலில் கேட்பது குக்கரைப் போட்டாயா என்பதுதான்.

ஏப்ரல் 4

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தினகரன் கோயம்புத்தூருக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தான். பத்து மணிவாக்கில் வேலுச்சாமி வந்தார். கூடவே கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர், கம்பெனி சர்வீஸ் ஆள். வெயிலில் வந்த களைப்பு, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன்.

குக்கர் இருக்கிறதா என்று அந்த ஆள் கேட்டார்.  ‘இரும்புக்குப் போட்டுவிட்டோம்’ என்று சொன்னால் முடிந்துவிடும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அந்த ஆள் பேசிக்கொண்டே போனார். “ஐயா, நீங்க மனசு கஷ்டத்துல இருக்கீங்க, புரியுது. ஆனா எங்களுக்கு வர்ற கேஸ்ல தொண்ணூறு பர்சன்ட் இதுதான். வீட்டுல இருக்கற பொம்பளைங்க வருசக்கணக்கா கேஸ்கட் மாத்த மாட்டாங்க. வால்வுல அழுக்கு அடைச்சிருக்கும். குழாய்ல பருப்பு ஏறியிருக்கும். சுத்தமா வெச்சுக்கத் தெரியாதவங்க கையில எதைக் குடுத்தாலும் வெடிக்கத்தான் செய்யும்.”

வேலுச்சாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் ஒன்றும் இல்லை. ‘அப்படியாங்க?’ என்று கேட்கிற மாதிரி இருந்தது.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்துபோய் ஏணியைப் போட்டு ஏறி, கோணிப்பையை இறக்கிக்கொண்டு வந்து அந்த ஆள் முன்னால் வைத்தேன். “பாருங்க. நல்லாப் பாருங்க. பொங்கலுக்கு மாத்துன கேஸ்கட் இது. வால்வும் அன்னிக்கே மாத்துனது. அழுக்கு எங்க இருக்குதுன்னு காட்டுங்க” என்றேன்.

அவர் பார்த்தார். கேஸ்கட்டை இழுத்தார். வால்வைத் திருப்பிப் பார்த்தார். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மூடியை மூடித் திறந்து, மறுபடி மூடினார். எழுந்துபோய்ச் சமையல்கட்டைப் பார்த்தார், அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

“மூடி எங்கம்மா கெடந்துச்சு?”

“மேடைமேல.”

“கவுந்தா, நிமுந்தா?”

“கவுத்து வெச்சிருந்தா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

அவர் வேலுச்சாமியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “இது வெடிச்ச குக்கர் இல்லீங்கய்யா. வெடிச்சா மூடி கோணிரும், வால்வு தெறிச்சிருக்கும், அடுப்பு ஒடைஞ்சிருக்கும். சீலிங்கெல்லாம் பருப்பா இருக்கும். இது ஆவி அடங்கினதுக்கு அப்புறம் தொறந்த குக்கர். இவ்வளவு நல்லா வெச்சிருக்கற குக்கரை நான் பாத்ததில்ல.”

வேலுச்சாமி குக்கரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நசுங்கிய இடத்தை விரலால் தடவினார். பிறகு கேட்டார்.

“சம்பந்தியம்மா, நீங்க என்ன சொல்றீங்க?”

நான் சொன்னேன், “காப்பி போடட்டுங்களா?”

அவர் குக்கரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த ஆள் குக்கரைப் படம் எடுத்துக்கொண்டு, மோருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 5

தினகரன் வந்தான். விஷயம் தெரிந்துவிட்டது. மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டு உடைந்தது. எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதிக் குப்பையில் போட்டேன். குப்பை எடுக்கிறவர்கள் கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாது.

ஏப்ரல் 8

கோகிலா மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். குக்கரைத் தூக்கி வீசினார் என்று. முன்னால் நடந்தவற்றையும் சொல்லியிருக்கிறாள், பிரிட்ஜ், ஜார், கை.

வக்கீல் வந்தார். தினகரனின் சிநேகிதர். கேஸ்கட்டும் வால்வும் சம்பவத்துக்கு அப்புறம் மாற்றியவை என்று நான் சொல்ல வேண்டுமாம். பழசு கெட்டுப்போயிருந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று.

“ஒரு தாய் தன் கவனக்குறைவுன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கம்மா” என்றார்.

என் கவனக்குறைவு. சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.  தினகரன் எதிரில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தரம் நிமிர்ந்து, “சொல்லீருவாங்க” என்றான்.

ஏப்ரல் 11

இன்ஸ்பெக்டர் அம்மா வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பேனாவை மூடினார்.

“அப்ப, குக்கர் வெடிச்சு மருமக ஆஸ்பத்திரியில கெடக்கறா. நீங்க கடைக்குப் போயி, வெடிச்ச குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கி மாட்டி, பரண்மேல வெச்சிருக்கீங்க. எதுக்குங்கம்மா?”

நான் மேசைமேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தேன்.

“பாத்திரக்கடையில கேட்டுட்டுத்தான் வர்றேன். பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி டீச்சர் வந்து கம்பெனி சரக்குதான் வேணும்னு சண்ட போட்டு வாங்கிட்டுப் போனாங்கன்னு கடைக்காரரு நல்லா ஞாபகம் வெச்சிருக்காரு.”

ஏப்ரல் 12

தினகரனை அழைத்துப்போனார்கள். நான் மாற்றுத் துணியும் இட்லியும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வக்கீல், இரண்டு கான்ஸ்டபிள்கள், வேறு ஏதோ புகாருக்கு வந்த குடும்பம் ஒன்று.

டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“உன்னைய யாரும்மா அதையெல்லாம் பாத்துப் பாத்து வெக்கச் சொன்னா?” என்றான்.

“எதைச் சாமி?”

“கேஸ்கட்டு, வால்வு! தூக்கிப் போடுன்னு சொன்னா போடறதுக்கென்ன? பெரிய டீச்சரு! உன்ற சுத்தத்துக்கு நான் ஜெயிலுக்குப் போறேன்.”

அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவை மூடினேன். மூடியின் ஒரு பக்கம் கொக்கி சரியாக விழவில்லை. இரண்டு மூன்று தரம் அழுத்தினேன்.

அவன் கோகிலாவின் பெயரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 20

வீட்டில் நான் மட்டும். மிக்ஸி உபயோகமே இல்லை. அழுக்கானால்தானே கழுவ?

ஏப்ரல் 26

சுலோச்சனா மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். கேட்காதது மாதிரி உள்ளே போய்விட்டாள். அவளும் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். என்ன சொன்னாள் என்று தெரியாது.

மே 3

கோகிலாவின் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் அடுக்கிச் சென்னிமலைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஏன் போனேன் என்று பஸ்ஸில் ஏறின பிறகும் எனக்குத் தெளிவில்லை. அவளிடம் கொஞ்சம் பேசி, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லலாம் என்று நினைத்தேனா? அதுவும் இருந்தது. இல்லையென்று எழுத முடியாது.

தறிச் சத்தம் வாசல்வரை கேட்டது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வேலுச்சாமி தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்தேன்.

கோகிலா வந்தாள். வலது கன்னத்துத் தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருக்கிறது. கழுத்தை அந்தப் பக்கம் முழுக்கத் திருப்ப முடியவில்லை. கண் பிழைத்துவிட்டது, ஆனால் இமை முழுதாக மூடவில்லை.

“எதுக்குங்க வந்தீங்க?”

“உன் துணியெல்லாம் கொண்டாந்தேன். சேலைக்கெல்லாம் கஞ்சி போட்டிருக்கேன்.”

அவள் பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். நான் ஆரம்பித்தேன். தினாவுக்கு ஆத்திரம் வந்தால் கண் தெரியாது, அவனுக்கும் இப்போது புத்தி வந்திருக்கும், வாழவேண்டிய வயசு, என்றெல்லாம். அவள் குறுக்கே பேசவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தாள், நான் மிக்ஸியைப் பற்றிச் சொல்லும்போது காத்திருந்தது போலவே.

“அவரு எடுத்து வீசுனதைக்கூட நான் அப்பப்பத்தானுங்க நெனைக்கறேன்” என்றாள். “தெனமும் நெனப்புக்கு வர்றது நீங்கதானுங்க. நீங்க உள்ள வந்தீங்க. என்னையப் பாத்தீங்க. அவரப் பாத்தீங்க. அடுப்ப அணைச்சீங்க. அப்பறம் ஜன்னல்ல இருந்து துணிய எடுத்து, நனைச்சுப் புழிஞ்சு, செவுத்தத் தொடைக்க ஆரம்பிச்சீங்க.”

நான் ஏதோ சொல்லப் பார்த்தேன்.

“நான் அங்கதானுங்க உக்காந்திருந்தேன். எனக்கும் செவுத்துக்கும் ரெண்டு எட்டுக்கூட இல்ல. கத்தோணும்னு பாக்கறேன், வாய் வரமாட்டேங்குது. மொகத்துல பருப்பு ஒட்டிக் கொதிக்குது. நீங்க துணிய மறுக்கா அலசிப் புழிஞ்சீங்க பாருங்க, அந்தத் தண்ணிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சுங்க. அந்தத் தண்ணி என்ற மேல விழுகும்னு நெனச்சேன். சுலோச்சனாக்கா வந்து ‘ஐயோ டீச்சர், என்ன பண்றீங்க’ன்னு கத்துன பொறவுதானுங்க எனக்குத் தண்ணி.”

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் அழவில்லை. நானும் அழவில்லை.

“நான் அன்னிக்குப் போறேன்னு கேட்டேன். விட்டிருந்தீங்கன்னா வந்திருப்பேன் இங்க” என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த முறை ‘அத்தை’ என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை என்பதை அவள் போன பிறகு கவனித்தேன்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன். வருஷா வருஷம் ஜூலையில் தீப்புண் பாடம் நடத்துவேன். ஒரு பிள்ளையை முன்னால் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, இவளுக்குக் கை சுட்டுவிட்டது, முதலில் என்ன செய்வாய் என்று கேட்பேன். வகுப்பே ஒரே குரலில் சொல்லும்.

அன்று அந்தச் சுவரைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். அவளைப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்தது, யார் செய்தது என்று. துணியை எடுத்தது அதற்குப் பிறகுதான்.

மே 4

காலையில் மகளிர் காவல் நிலையம். வக்கீலிடம் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. எதிரில் நாற்காலியைக் காட்டினார். ஒரு பெண் கான்ஸ்டபிள் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே கேட்டாள். தினகரன் என்ன பேசினான், கையில் என்ன இருந்தது, நான் எங்கே நின்றேன், மூடி எங்கே, குக்கர் எங்கே. ஒவ்வொன்றாகச் சொன்னேன். முந்தி சொன்னது பொய் என்றும் சொன்னேன். பிரிட்ஜ் கதவில் முருகன் படத்தை ஒட்டியது நான்தான் என்றேன். அதை எதற்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

இன்ஸ்பெக்டர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்க பையன்தானுங்கம்மா, நல்லா யோசிச்சுட்டீங்களா?”

“யோசிச்சுட்டேன்” என்றேன். யோசித்தேன் என்று சொல்ல முடியாது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

அடித்து முடித்ததும் கான்ஸ்டபிள் வாசித்துக் காட்டினாள். சத்தமாக, வேகமாக, மூச்சு விடாமல்.

“...மேற்படி சத்தம் கேட்டு நான் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்து, மருமகள் மீது தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற முயற்சி செய்தேன்...”

“இரும்மா. அதை நான் சொல்லலையே” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாரும் அப்பிடித்தானுங்கம்மா சொல்லுவாங்க. அது ஒரு வழக்கம். இருந்தா உங்களுக்கும் நல்லதுதானுங்களே.”

“எடுத்துரும்மா.”

“எதைங்க, தண்ணி ஊத்துனதையா?”

“ஓடி வந்ததையும். நான் ஓடி வரல. நடந்துதான் வந்தேன்.”

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். திரையில் அந்த இடம் வெள்ளையாக நின்றது.

“அப்ப இங்க என்னன்னுங்க போடறது?”

“செவுத்தைத் தொடச்சேன்னு போடு.”

அடித்தாள். மறுபடி வாசிக்கச் சொன்னேன். இந்தத் தடவை மெதுவாக வாசித்தாள்.

சரியாக இருந்தது.